சில்லுச் சத்தம்

1

இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து ஆறு வருடம். வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுது என்று யாழ்ப்பாணத்தில் இருக்கும் நெல்லியடித் தோழிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போனவர்கள் பனியைப் பற்றி எழுதுகிறார்கள், பாஷை தெரியாமல் பட்ட பாட்டை எழுதுகிறார்கள். நான் வந்திருப்பது சென்னைக்கு மேற்கே, காட்டுப்பாக்கத்துக்கு. பலாலியில் விமானம் ஏறினால், தந்த தண்ணீர்ப் போத்தலைக் குடித்து முடிப்பதற்குள் இறங்கிவிடலாம். கடைப் பலகை தமிழ், பேருந்துப் பலகை தமிழ், தெருவில் சண்டை பிடிப்பதும் தமிழில்தான். இதில் என்ன வெளிநாடு என்று நீங்கள் கேட்கலாம். வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதல் வருடம் வீசா நீட்டிப்புக்குப் போனபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி என் பாஸ்போட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தமிழ் பேசத் தெரியுமா?" என்று கேட்டார்.

நான் மரியாதையாக, "ஓம், நல்லாக் கதைப்பன்" என்றேன்.

"கதையெல்லாம் வேணாம்மா. பேசத் தெரியுமா, தெரியாதா?"

பக்கத்தில் நின்ற இவர்தான், "தெரியும் மேடம், நல்லாவே பேசுவாங்க" என்று சொல்லி என்னைக் கரையேற்றினார். நாங்கள் பேசுவதைக் கதைப்பது என்போம்; இங்கே கதை என்றால் பொய். எங்களுக்குப் பேச்சு என்றால் ஏச்சு. "உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் இன்றைக்கும் நான் என்ன பிழை விட்டேன் என்று யோசிப்பேன். பிறகு பார்த்தால், அவர் தோசை மா கேட்க வந்திருப்பார்.

2

இவர் என்று நான் சொல்வது என் கணவர் முரளியை. அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவர். அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை ஒருவர் இங்கே இருக்கிறார்; அவர் மூலம் பொருந்திய கல்யாணம். எங்கள் மகள் ஓவியாவுக்கு ஐந்து வயது. இவருக்கு ஒரு பிக்கப் வண்டி சொந்தமாக இருக்கிறது. மண்ணூர்பேட்டையில் உள்ள சின்னச் சின்னக் கம்பெனிகளில் வார்க்கும் பிளாஸ்டிக் சாமான்களை ஏற்றி வானகரத்துக் குடோன்களில் இறக்குவது தொழில். வண்டி பழையது. இவர் வாங்கும்போதே அது இரண்டு கை மாறியிருந்தது.

அந்த வண்டியை நான் வழக்கம்போலக் கெப் என்பேன். ஊரில் நாங்கள் வேறு எப்படிச் சொல்வது? வந்த புதிதில், எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், "எங்கட கெப் வாசலில் நிக்குது, ஆருக்கும் இடைஞ்சல் எண்டால் சொல்லுங்கோ" என்று பொறுப்பாக எழுதினேன். இங்கே கேப் என்றால் வாடகைக் கார். மூன்றாம் மாடியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தம்பி ஒருவர் இருந்தார், கம்ப்யூட்டர் வேலை. அவர் மறுநாளே இவருக்கு அழைத்து, "அண்ணே, வெள்ளிக்கிழமை காலைல ஏர்போர்ட் டிராப் வேணும், கேப் கிடைக்குமா?" என்று கேட்டார். இவர் என்ன ஏது என்று கேட்காமல் சரி என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை அந்தத் தம்பி இரண்டு பெட்டிகளோடு இறங்கி வந்து, வாசலில் நின்ற பிக்கப்பைச் சுற்றிச் சுற்றி வந்து காரைத் தேடினாராம். கடைசியில் பெட்டிகள் பின்னாலும் அவர் முன்னாலுமாக விமான நிலையம் போய்ச் சேர்ந்தார். இன்றைக்கும் படியில் கண்டால், "அக்கா, கேப் ஃப்ரீயா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

இவ்வளவையும் சொல்வது, இனி வரும் விஷயம் உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக. சொல் ஒன்று என்பதற்காகப் பொருளும் ஒன்று என்று நம்பக்கூடாது என்று எனக்கு ஆறு வருடம் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

3

காலையில் ஓவியாவைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவது அந்த வண்டியில்தான். இவர் ஓட்ட, நடுவில் ஓவியா, கதவோரம் நான். அவளைப் பூந்தமல்லிப் பக்கத்துப் பள்ளியில் விட்டுவிட்டு, என்னைத் திரும்ப வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, இவர் மண்ணூர்பேட்டைக்குப் போவார்.

போன மாதம் ஒரு நாள், மழைநீர்க் கால்வாய்க்காக வெட்டிப் போட்டிருக்கும் இடத்தைத் தாண்டும்போது எனக்குப் பின்னால் எங்கேயோ அந்தச் சத்தம் கேட்டது. கிடுக். பிறகு ஒரு நொடி கழித்து இன்னொரு கிடுக். ஒரு கனமான பொருள் எழும்பி, யோசித்துவிட்டு, மறுபடி உட்காருவது போல.

"என்னப்பா, கேட்டதோ?" என்றேன்.

"என்னது?"

"பின்னுக்கு ஒரு சத்தம்."

"ரோடு அப்படி இருக்கு தர்ஷி. வண்டி பாடத்தான் செய்யும்."

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். ரேடியோவை நிறுத்தச் சொன்னேன். ஓவியாவை வாயை மூடச் சொன்னேன். நான் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தால் வராது. தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்டேனோ என்று பையைத் திறக்கும் நேரம் பார்த்து வரும்.

"நாள் பூரா இந்த வண்டியிலதான் இருக்கேன்," என்றார் இவர். "எனக்குக் கேக்கவே இல்லையே. நீ கேக்கணும்னே உக்காந்தா கேக்கத்தான் செய்யும்."

 இவர் அப்படிச் சொல்வதில் பிழையில்லை, என் பெயர் அப்படி. பிள்ளை தும்மினால் வெப்பமானியைத் தேடுபவள் நான். வீட்டைப் பூட்டிவிட்டுப் படி இறங்கி, மறுபடி ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். போன வருடம் திருவள்ளூருக்குக் கிளம்பும் நேரத்தில் காஸ் மணக்குது என்று சொல்லிப் பயணத்தையே நிறுத்தினேன். ஆள் வந்து பார்த்தார். அது பக்கத்து வீட்டில் பூச்சி மருந்து அடித்த மணம். அதற்குப் பிறகு எனக்கு என் மூக்கிலேயே நம்பிக்கை குறைந்துவிட்டது. இப்போது காதும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டதோ என்று நினைத்தேன்.

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்தது. செங்கல்பட்டில் இவருடைய அக்காவின் மகனுக்குக் காதுகுத்து. இந்த வண்டியில்தான் போக வேண்டும், மதுரவாயல் பைபாஸில் ஏறி. அங்கே முன்னும் பின்னும் லொறிகள் பறக்கும். கால்வாய்ப் பள்ளத்தில் மெல்லக் கிடுக் என்பது அந்த வேகத்தில் என்ன செய்யும்? நடுவில் ஓவியா இருப்பாள். இதைச் சொல்லாமல் விட்டால் நான் என்ன தாய்? சொல்லி, அதுவும் பூச்சி மருந்து போல ஆகிவிட்டால், அதற்குப் பிறகு நான் சொல்வதை இந்த வீட்டில் யார் கேட்பார்கள்?

4

எங்கள் பள்ளிக்கூட வான், இங்கத்தவர் சொல்லும் வேன், உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அதன் சாரதி ரத்தினம் அண்ணை ஒவ்வொரு காலையும் வானைச் சுற்றி வந்து சில்லுகளைக் காலால் உதைத்துப் பார்ப்பார். உள்ளே இருந்து நாங்கள் எண்ணுவோம். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. பிறகு பின்கதவில் மாட்டியிருந்த ஸ்பெயர் சில்லுக்குக் கையால் ஒரு தட்டு. அஞ்சு என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினால்தான் வான் கிளம்பும். அவர் எதைக் கண்டுபிடித்தார் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாளும் எதுவும் கண்டுபிடித்த நினைவில்லை. ஆனால் வாகனத்தில் சத்தம் என்றால் முதலில் சில்லைப் பார் என்பது அங்கேயே என் மண்டையில் ஏறிவிட்டது.

ஆகவே இவரை நச்சரித்தேன். பூந்தமல்லிக்கு ஒரு லோடு இருந்த நாளில், மதியம் வழியில் என்னையும் ஏற்றிக்கொண்டு காதர் பாயிடம் போனார்.

காதர் பாய் எங்கள் வண்டியின் மெக்கானிக். பூந்தமல்லியில் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கிறார். இவருடைய அப்பா காலத்திலிருந்தே பழக்கம். பெரிய உடம்பு, மெல்லிய குரல். இவரை நைனா என்பார், என்னைத் தங்கச்சி என்பார்.

போகும் வழியில் அந்தச் சத்தம் ஒரு தடவைகூட வரவில்லை. வைத்தியரைக் கண்டதும் காய்ச்சல் இறங்கிவிடுகிற பிள்ளை மாதிரி வண்டி சாதுவாக ஓடியது.

"இன்னா தங்கச்சி, வண்டிக்கு இன்னா நோவு?"

இவருக்கு அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது, குடோனிலிருந்து. பேசிக்கொண்டே சந்து முனைக்குப் போய்விட்டார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பாய், பின்னுக்குச் சில்லுப் பக்கம் ஒரு சத்தம் கேக்குது. குழியில விழேக்க கிடுக் கிடுக் எண்டு."

"பின்னாடி சில்லு?"

"ஓம், சில்லு."

"ஆடுதா?"

"ஆடுற மாதிரித்தான்."

காதர் பாய் தலையை ஆட்டினார். நேராகப் போய், எங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியை விரல் நுனியால் தட்டினார். அதன் ஓரத்து ரப்பரை அழுத்திப் பார்த்தார். ஒளி விழும்படி தலையைச் சாய்த்து ஏதோ தேடினார். பிறகு என் பக்கத்துக் கதவின் உள் அட்டையைக் கழற்றத் தொடங்கினார். நான் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சில்லைப் பார்க்க ஏன் கதவைக் கழற்றுகிறார் என்று ஒரு கேள்வி வந்தது. வந்த வேகத்தில் அதை நானே அடக்கிவிட்டேன். ஆள் ஒரு ஒழுங்கில் மேலிருந்து கீழே வருகிறார் போலிருக்கிறது, தொழில் தெரிந்தவரிடம் குறுக்குக் கேள்வி கேட்கக்கூடாது என்று நினைத்தேன். கதவுக்குள்ளிருந்து ஓவியாவின் ஒரு ஹேர்கிளிப்பும், காய்ந்த முறுக்குத் துண்டும் வந்தன. அவர் உள்ளே கையை விட்டு நன்றாகத் துழாவினார்.

"சில்லு எதுவும் இல்ல தங்கச்சி. எல்லாம் சுத்தமா கீது. ரப்பர் கெட்டியாப் போச்சு, மாத்திட்டேன். இனி சத்தம் வராது."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். 'சில்லு எதுவும் இல்ல' என்றால் சில்லில் பிழை எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, கால்வாய்ப் பள்ளம். கிடுக்.

5

அன்று சாப்பிடும்போது இவரிடம் கேட்டேன். "சில்லைப் பாக்கிறதுக்கு ஏனப்பா கதவைக் கழட்டினவர்?"

சோற்றை எடுத்த இவருடைய கை தட்டிலேயே நின்றது. "நீ பாய்கிட்ட சில்லுன்னா சொன்னே?"

"பின்ன என்னெண்டு சொல்லுறது?"

இவர் சிரிக்கத் தொடங்கி, புரைக்கேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். ஓவியாதான் எனக்கு நிதானமாக விளக்கினாள். "அம்மா, சில்லுன்னா கண்ணாடி ஒடைஞ்சது. கால்ல குத்தும். நீ சொல்றது சக்கரம். சக்கரம்னு சொல்லும்மா." திருத்துகிற குரல் அப்படியே அவளுடைய மிஸ்ஸின் குரல்.

இவர் காதர் பாயை அழைத்து, நானும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார்.

"பாய், நேத்து இன்னா தேடினீங்க?"

"கண்ணாடிச் சில்லு, நைனா. தங்கச்சிதான் சொல்லிச்சு, பின்னாடி சில்லு ஆடுதுன்னு. கதவு உள்ள உழுந்துகினு ஆடுதோன்னு பாத்தேன்."

"அவங்க ஊர்ல சில்லுன்னா சக்கரம், பாய்."

பாய் அந்தப் பக்கம் சில்லு, சக்கரம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு, "அடப்பாவி," என்றார் காதர் பாய். "நான் கதவுக்குள்ள கைய வுட்டுகினு சக்கரத்தத் தேடுனனா. தங்கச்சியும் பாத்துகினுதான இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

"உங்களுக்குத் தெரியாததோ எண்டு நினைச்சன், பாய்," என்றேன். அதற்கு மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஊரில் இருக்கும் அம்மாவிடம் வீடியோ அழைப்பில் இதைச் சொன்னபோது அவவுக்குச் சிரிப்பு வரவில்லை. "சில்லை அவையள் சக்கரம் எண்டால், கோயில்ல சாமி கையில இருக்கிற சக்கரத்தை என்னெண்டு சொல்லுவினம்?" என்று கேட்டா. பிறகு ஓவியாவைக் கூப்பிட்டா. அவள் திரைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னா ஆயா, நல்லா கீறியா?" என்றாள். அம்மா என்னிடம், "பிள்ளை என்ன சொல்லுது?" என்றா. ஒரே பாஷையில் பேசும் இரண்டு பேருக்கு நடுவில் நான் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். முன்பெல்லாம் இது என்னை உறுத்தும். நான் சரியாக வளர்க்கவில்லையோ என்று தோன்றும். "நல்லா இருக்கிறீங்களோ எண்டு கேக்கிறாள், அம்மா" என்று சொன்னதும் இரண்டு பக்கமும் ஒரு சிரிப்பு வருகிறதே, அது இப்போது போதுமாக இருக்கிறது.

6

வியாழக்கிழமை மறுபடியும் பூந்தமல்லி லோடு. மறுபடியும் நான். இந்த முறை காதர் பாய் வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஒவ்வொரு சக்கரமாகச் சுழற்றினார், இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார், காது வைத்துக் கேட்டார். நட்டுகளை இறுக்கினார். பிறகு தானே ஓட்டிப் பார்க்க, நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பூந்தமல்லியின் மோசமான சந்துகளாகப் பார்த்து ஓட்டினார். பின்னால் லோடு நிறைய இருந்தது. வண்டி கனமாக, அமைதியாக, யானை மாதிரிப் போனது. சத்தம் இல்லை.

"நாலு சக்கரமும் தங்கம் மாதிரி கீது, தங்கச்சி. சும்மா பயந்துகினு இருக்காத. புள்ளைய இட்டுகினு சந்தோசமாப் போயி வா."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். திரும்பும்போது இவரும் அன்பாகத்தான் கேட்டார். "அப்ப ஞாயித்துக்கிழமை கெளம்பலாம் இல்ல?"

"ஓம்," என்றேன்.

அந்த ஓம் வாயிலிருந்து வந்ததே தவிர, நெஞ்சில் ஒன்றும் இறங்கவில்லை. இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள், இரண்டு தடவை பார்த்துவிட்டார்கள். இனியும் கேட்கிறது என்றால் பிழை வண்டியில் இல்லை, என்னில்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஓவியாவை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதே பள்ளம். கிடுக். ஒரு நொடி. கிடுக்.

இவரைப் பார்த்தேன். இவர் எந்தச் சலனமும் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். திரும்பி, பின்கண்ணாடி வழியாக வண்டியின் பின்புறத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. ஒரு கயிறும் மடித்த தார்ப்பாயும் மட்டும் ஒவ்வொரு குழிக்கும் துள்ளிக்கொண்டிருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இந்தச் சத்தத்தைக் கேட்ட ஒவ்வொரு முறையும் வண்டி வெறுமையாக இருந்தது. பாய் பார்த்த இரண்டு முறையும் நிறைந்திருந்தது. இவர் நாள் முழுக்க ஓட்டுவது பெரும்பாலும் லோடோடுதான்; வெறுமையாகத் திரும்பும்போது ரேடியோ அலறும். வெறும் வண்டியில் ஓட்டும் வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பது நானும் ஓவியாவும் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமையும் வண்டி வெறுமையாகத்தான் போகும்.

"இப்பவே பாயிட்ட விடுங்கோ," என்றேன். "லோடு ஏத்த முதல்."

"தர்ஷி, மண்ணூர்பேட்டைல ஆளுங்க நின்னுட்டு இருக்காங்க."

"நிக்கட்டும்."

"நேத்துதானே பார்த்தாரு? எத்தனை வாட்டி?"

"லோடோட பாத்தவர். வெறும் வண்டியில பாக்கேல்லை. இண்டைக்குப் பாக்காட்டி ஞாயிற்றுக்கிழமை நான் வரமாட்டன். பிள்ளையையும் விடமாட்டன்."

சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. அதில் கேள்வி இருக்கவில்லை. பொதுவாக நான் சொல்லும் எல்லாவற்றின் பின்னாலும் ஒரு 'என்ன?' தொங்கிக்கொண்டிருக்கும். இவரும் அதைக் கவனித்திருக்க வேண்டும். அடுத்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பினார். ரேடியோவையும் நிறுத்தினார்.

7

காதர் பாய் அப்போதுதான் பட்டறையைத் திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முகத்தில் ஒரு சிரிப்பு. அடுத்து ஒரு சந்தேகம்.

"மறுபடியும் சில்லா?"

"ஓம் பாய். நீங்கள் ஏறுங்கோ. இவர் ஓட்டட்டும்."

நான் வீட்டில் பிள்ளைக்குக்கூட இப்படி உத்தரவு போட்டதில்லை. மூன்று பேரும் ஏறினோம். சந்தைத் தாண்டி, தோண்டி மூடிய ஒரு தெருவுக்குள் இவர் விட்டார். முதல் குழியிலேயே வந்தது.

காதர் பாய் கையை உயர்த்தினார். "நிறுத்து நைனா." பிறகு, "பின்னாடி போ. திரும்ப வா." திரும்ப வந்தபோது அது இரண்டு தடவை கேட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "மெய்யாலுமே பேசுது தங்கச்சி," என்றார்.

எங்கள் அர்த்தத்தில் எடுத்தாலும் சரியாகத்தான் இருந்தது. அது இவ்வளவு நாளும் எங்களை ஏசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பட்டறைக்குத் திரும்பியதும் அவர் மறுபடி ஜாக்கியை இழுத்தார். பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். அசைவில்லை. மற்றப் பக்கம் போனார். அதிலும் இல்லை. "நேத்து பாத்ததுதான். நாலும் நல்லாத்தான் கீது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நிமிர்ந்தார்.

"நாலோ?" என்றேன். "எத்தினை சில்லு பாத்தனீங்கள், பாய்?"

"நாலு சக்கரமும் பாத்தேன்மா. நீயும் பாத்துகினுதான இருந்தே."

"அஞ்சு எல்லோ இருக்கு?"

"எங்க அஞ்சு?"

"ஸ்பெயர் சில்லு?"

அவருக்கு விளங்கவில்லை. இவர்தான் மெல்ல, "ஸ்டெப்னிய சொல்றா, பாய்," என்றார்.

"அது ஸ்டெப்னிமா," என்றார் காதர் பாய். "அது சக்கரத்துல சேர்த்தி…"

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. ஒரு சாக்கை எடுத்துப் போட்டு, வண்டியின் பின்னால் முட்டி போட்டு, குனிந்து உள்ளே பார்த்தார். ஒரு விரலால் எதையோ தொட்டார். நாங்கள் நின்ற இடத்திலேயே கேட்டது. கிடுக்.

நானும் குனிந்து பார்த்தேன். எங்கள் வண்டியில் ஸ்பெயர் சில்லு பின்தட்டுக்கு அடியில், ஒரு கம்பிக் கயிற்றில் தொங்கும். அந்தக் கயிறு துருவேறிப் பிரிந்து, இரண்டு மூன்று இழைகளில் நின்றது. சில்லு ஒரு பக்கமாகச் சரிந்து, தொட்டால் ஆடியது. லோடு இருக்கும்போது வண்டி துள்ளாது, அதுவும் சும்மா இருக்கும். வெறும் வண்டி குழியில் குதித்தால் அதுவும் எழும்பி மோதி உட்காரும்.

"நைனா, இது எப்ப எறக்குனே?"

இவர் யோசித்தார். "வானகரத்துல பஞ்சர் ஆச்சே, அப்ப. பஞ்சர் கடைக்காரருதான் திரும்ப ஏத்தினாரு. நான் குனிஞ்சு பாக்கல."

"பைபாஸ்ல அந்த வேகத்துல இது உழுந்திருந்தா," என்று காதர் பாய் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரிந்தது. நம் வண்டி தன்பாட்டில் போய்விடும், சில்லு ரோட்டில் உருளும். பின்னால் வருகிற வண்டியிலும் நடுவில் ஒரு பிள்ளை இருக்கலாம்.

இவரும் குனிந்து அந்தக் கயிற்றைப் பார்த்தார். மண்ணூர்பேட்டைக்குப் போன் போட்டு, வரத் தாமதமாகும் என்றார். காத்திருப்பவர்கள் அங்கே ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "இல்ல, இது முடிச்சிட்டுதான் வருவேன். என் ஒய்ஃப் சொல்லிட்டாங்க," என்று பதில் சொன்னார். பாதி பகிடிதான், சிரித்துக்கொண்டே சொன்னார். மற்றப் பாதியை நான் வைத்துக்கொண்டேன்.

காதர் பாய் புதுக் கயிறு போட்டு, அது போதாதென்று ஒரு சங்கிலியும் சுற்றிப் பூட்டினார். கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, அன்னிக்கு நீ சொன்னது சரிதான். சில்லுன்னே. நான் கண்ணாடியத் தேடுனேன். அப்பால சக்கரம்னாங்க, நாலத் தேடுனேன். உங்க ஊர்ப் பேச்சு எனக்குத் தெரிஞ்சிருந்தா மொத நாளே அஞ்சையும் பாத்திருப்பேன்."

"எங்கட ஊர்ல கதவைக் கழட்டியிருக்க மாட்டினம், பாய்," என்றேன்.

"அதான் முறுக்கு கெடச்சிதே."

8

ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டுக்குப் போனோம். பைபாஸில் ஏறியதும் இவர் ரேடியோவைப் போடவில்லை. நான் கேட்கட்டும் என்று விட்டார். லொறிகள் இரண்டு பக்கமும் பறந்தன. எங்கள் வண்டியின் பழைய எஞ்சின் உறுமியது, தார்ப்பாய் படபடத்தது, ஓவியா ஒரு பாட்டின் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினாள். பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை. தாம்பரம் தாண்டிய பிறகுதான் நான் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தேன் என்று நினைக்கிறேன். காதுகுத்தில் பிள்ளை அழுதான், எல்லோரும் சாப்பிட்டோம். அக்கா கேட்டதற்கு இவர் சில்லுக் கதையைச் சொல்ல, பந்தி முழுக்கச் சிரித்தது. ஆனால் அவர் கதையை முடித்த இடம், நான் வண்டியைத் திருப்பச் சொன்ன இடம்.

நான் ஒரே நாளில் மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இன்றைக்கும் படி இறங்கிப் பிறகு ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். ஆனால் இப்போது இவர் கீழே நின்று காத்திருக்கிறார். சிரிப்பதில்லை.

இனி இங்கே சக்கரம் என்றே சொல்லிப் பழகலாம் என்று நினைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை வண்டி அருகே போனபோது ஓவியா எங்களுக்கு முன்னால் ஓடினாள். ரத்தினம் அண்ணையின் கதையை முந்தின நாள் செங்கல்பட்டிலிருந்து திரும்பும் வழியில்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். பள்ளிச் சப்பாத்தால் ஒவ்வொரு சக்கரமாக உதைத்துக்கொண்டே வந்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பிறகு பையை முதுகில் சுமந்தபடியே வண்டிக்குப் பின்னால் குனிந்து, தலைகீழாக உள்ளே பார்த்தாள். இவர் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். மண்ணூர்பேட்டையில் ஆட்கள் நின்றிருப்பார்கள்.

"அஞ்சாவது சில்லும் கீதும்மா," என்றாள். "போலாம்."